காலர் திருப்பிய காசில் காலேஜ் படிப்பு

தையற்காரனிடம் ஒருவர் எதை வேண்டுமானாலும் மறைக்கலாம். தொந்தியையும் வறுமையையும் மட்டும் மறைக்க முடியாது. தொந்தியை அளவு நாடா சொல்லிவிடும், வறுமையைச் சட்டையின் உள்பக்கம் சொல்லிவிடும். ஆனால் உள்பக்கம் நைந்திருப்பதெல்லாம் வறுமை இல்லை, சிலது காலேஜ் என்று கண்டுபிடிக்க எனக்கே சில வருஷம் பிடித்தது.

ஐம்பதுகளில் கும்மிடிப்பூண்டி ரயிலடிக்கு எதிரே ஒரே ஒரு மிஷினைப் போட்டுக்கொண்டு நான் பிழைத்தேன். ஊரில் அப்போதுதான் தகப்பன்மாருக்குக் காலேஜ் ஆசை பிறந்திருந்தது. அந்த ஆசை ஒரு வீட்டுக்குள் நுழைந்தால் முதலில் வெளியே போவது தையற்காரன்தான். பிள்ளையின் படிப்புக்கென்று வாயைக் கட்டி வயிற்றைக் கட்டி இருக்கிறவர்களே, உங்களால் நானும் பட்டிருக்கிறேன். பிறகு உங்களில் ஒருவனாகியும் பட்டிருக்கிறேன். அதனால் உரிமையோடு சொல்கிறேன், கேளுங்கள்.

மூன்றாவது பக்கம் கிடையாது

கோவிந்தசாமி நாயக்கர் எளாவூருக்குப் பக்கத்தில் சொந்த நிலத்தில் நெல் பயிரிடுகிறவர். சோற்றுக்குப் பஞ்சமில்லாத வீடு. ஆனாலும் கும்மிடிப்பூண்டிக்கு வர ரயில் ஏறமாட்டார். தண்டவாளத்து ஓரமாகவே நடந்து வருவார். அப்படி ஒரு நாள் வேர்த்து விறுவிறுத்து வந்து, துண்டில் சுற்றியிருந்த சட்டையை எடுத்து என் மிஷின் மேல் வைத்தார். காலர் தேய்ந்து நார் நாராக நின்றது. திருப்பித் தைத்துத் தரச் சொன்னார். காலரைத் தையல் பிரித்து எடுத்து, தேய்ந்த பக்கம் அடியில் போகும்படி புரட்டி வைத்துத் தைத்தால் சட்டைக்கு மறுபடி ஆயுள் வந்துவிடும். எங்கள் தொழிலில் இதைவிட அதிக வேலைக்கு இதைவிடக் குறைந்த கூலி கிடையாது.

சில மாதம் கழித்து அதே சட்டையோடு வந்தார். இப்போது திருப்பிய பக்கமும் போயிருந்தது. "நாய்க்கரே, காலருக்கு மூணாவது பக்கம் கெடையாது. இதை வுட்டுட்டுப் புதுசா ஒண்ணு தச்சிக்குங்க" என்றேன். அவர் சட்டையை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தார். "அப்டின்னா காலரையே கழட்டிடு" என்றார். மொட்டைக் கழுத்தாக இருக்குமே என்று நான் இழுத்தேன். அவருடைய ஒரே மகன் தசரதன் அப்போது எட்டாவதுதான் படித்துக்கொண்டிருந்தான். நாயக்கர் என்னை ஒன்றும் தெரியாதவனைப் பார்ப்பதுபோலப் பார்த்துச் சொன்னார்: "இருக்கட்டுமேய்யா. காலேஜுக்குப் போவப் போறது எங் கழுத்தா? எம் புள்ள தலைய்யா போவப் போவுது!"

பாய் கட்சியும் நாயக்கர் கட்சியும்

என் குடும்பத்தில் அடுப்பு எரிந்தது நாயக்கரால் அல்ல, காதர் பாயால். பழவேற்காட்டிலிருந்து கருவாட்டுக் கூடைகளைக் கொண்டுவந்து பட்டணத்து ரயிலில் ஏற்றுகிற வியாபாரி அவர். ரயில் வரும்வரை என் கடை பெஞ்சில்தான் உட்கார்ந்திருப்பார். பெருநாள் வந்தால் தவழ்கிற குழந்தை முதல் வீட்டில் எல்லோருக்கும் பாப்ளினில் புதுத்துணி. இத்தனைக்கும் நாயக்கர் அளவுக்கு அவருக்குச் சொத்து கிடையாது. வந்தது போகும், போனது வரும் என்பது அவர் கட்சி. நான் அந்தக் கட்சியில்தான் இருந்தேன் என்று சொல்லவே வேண்டாம்.

ஒரு நாள் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் வந்துவிட்டார்கள். "இன்னா நாய்க்கரே, இன்னிக்கு எதைத் திருப்பிக்கினு போவ வந்தே?" என்று பாய் ஆரம்பித்தார். நாயக்கர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். பாய் விடவில்லை. "நான் ஒண்ணு சொல்றேன், கோச்சுக்காதே. படிக்கிற புள்ள தெரு வெளக்குலயும் படிக்கும். படிக்காத புள்ளைக்கு நீ காலேஜையே வெலைக்கு வாங்கிக் குடுத்தாலும் அங்க போயி தூங்கும். அதுக்காவ நீ ஒரு நாஷ்டா துண்ணாம, ஒரு நல்ல சட்ட போடாம இன்னாத்துக்குப் பேஜார் படணும்?"

பாய் பேசி முடித்துச் சுற்றிலும் பார்த்தார், நான் தலையாட்டுவேன் என்று. எனக்கும் ஆட்டத்தான் ஆசை. ஆனால் நாயக்கர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, கோபமே இல்லாமல் பதில் சொல்லிவிட்டுப் போனார்: "அவன் தூங்குனாலும் காலேஜுல போயி தூங்கட்டும் பாய். என்னாட்டம் களத்து மேட்டுல தூங்க வேணாம்."

தெரிந்தும் தெரியாத ரவிக்கை

நாயக்கரின் மனைவி கன்னியம்மாள் ஒரு மத்தியானம் தனியாக வந்தார். முந்தானைக்குள்ளிருந்து ஒரு துண்டுத் துணியை எடுத்தார். கத்தரிப்பூ நிறம். மோர் விற்ற காசில் வாங்கியது. ரவிக்கை தைக்க வேண்டும். வெகுநாள் ஆசை என்பது துணியைத் தடவிய விதத்தில் தெரிந்தது. அளவுக்குக் கொண்டுவந்திருந்த பழைய ரவிக்கையைப் பார்த்தேன். அக்குளில் ஒட்டு, முதுகில் ஒட்டு, ஒட்டின் மேல் ஒட்டு.

தைத்து முடித்துக் கொடுத்தபோது ஒரு வேண்டுகோள் வைத்தார். "அண்ணா, இதை ரெண்டு வாட்டி தண்ணியில அலசிக் காயவச்சுக் குடுங்க. மொடமொடன்னு இருந்தா புதுசுன்னு தெரிஞ்சிடும். அவுரு புள்ளைக்கின்னு ஒவ்வொரு காசா சேக்கறாரு. நான் சோக்கா ரவிக்க போட்டுக்கினு நிக்கறதா?" என் இருபது வருஷத் தொழிலில் புதுத் துணியைப் பழசாக்கித் தரச் சொன்ன வாடிக்கையாளர் அவர் ஒருவர்தான். என் மனைவி அலசினாள், நான் உலர்த்தினேன், இஸ்திரி போடாமல் கொடுத்தனுப்பினோம்.

அடுத்த வாரம் நாயக்கர் வந்தார். பேச்சோடு பேச்சாக, "எங்க ஊட்ல ஒரு கத்திரிப்பூ ரவிக்க தெரியுது, நீதான் தச்சியா?" என்று கேட்டார். நான் ஊசியில் நூல் கோப்பதுபோல் குனிந்துகொண்டேன். அவர் சிரித்துவிட்டார். "பயப்படாதே. அது புதுசுன்னு பாத்த அன்னிக்கே எனக்குத் தெரியும். தெரியாத மாதிரி இருக்கறதுக்கும் எனக்குத் தெரியும்."

என் வீட்டு வானவில்

இந்த வியாதி தொற்றும் என்று எனக்கு யாரும் எச்சரிக்கவில்லை. ரவிக்கையை அலசிய கையோடு என் மனைவி சகுந்தலாவுக்கு யோசனை வந்துவிட்டது. "நம்ம ராதா கூடத்தான் நல்லா படிக்குது. நாய்க்கர் புள்ளைக்கு மட்டுந்தான் காலேஜா?" என்றாள். மறுநாளிலிருந்து என் காலைக் காபி வரக்காபி ஆயிற்று. கொட்டகையில் வாரம் ஒரு சினிமா என்றிருந்தது பொங்கலுக்கு ஒன்று என்று ஆயிற்று. நான் பாய் கட்சி என்று சொல்லிப் பார்த்தேன். வீட்டுக்குள் அந்தக் கட்சிக்கு ஓட்டு விழவில்லை.

ராதாவுக்குத் துணி எடுப்பதும் நின்றது. எடுப்பானேன்? கடையில்தான் வாடிக்கையாளர்கள் வேண்டாமென்று விட்டுப்போன வெட்டுத்துணி மூட்டையாகக் கிடக்கிறதே. நான் அவற்றை இணைத்து ஒரு பாவாடை தைத்தேன். பச்சை, சிவப்பு, கோடு, கட்டம், பூப்போட்டது, எல்லாம் இருந்தன. குழந்தைக்கு அது ரொம்பப் பிடித்துப்போயிற்று. சுற்றிச் சுற்றிக் காட்டினாள். நான்தான் மிஷின் பக்கம் திரும்பிக்கொண்டேன். ஊருக்கெல்லாம் புதுத்துணி தைக்கிறவன் மகள்!

அவளுடைய பள்ளிக்கூட டீச்சரம்மா ஒரு நாள் கடைக்கு வந்தார். குறை சொல்லப் போகிறாரோ என்று எழுந்து நின்றேன். அவர் சிரிப்பை அடக்க முடியாமல் சொன்னார்: "டைலர், உங்க பொண்ணு பாவாடையப் பாத்தாலே இந்த வருஷம் கும்மிடிப்பூண்டியில யார் யார் என்னென்ன தச்சாங்கன்னு தெரிஞ்சுபோவுது."

உள்மடிப்பு

ஆந்திரா பிரிந்து எளாவூருக்கு அப்பால் வேறு ராஜ்யமான சமயம், தசரதன் எஸ்.எஸ்.எல்.சி. பாஸ் பண்ணினான். பட்டணத்துக் காலேஜில் இன்டர்மீடியட்டுக்கு இடமும் கிடைத்தது. நாயக்கர் மகனை அழைத்துக்கொண்டு என் கடைக்கு வந்தார். அன்றைக்கு இரண்டு பேரும் ரயிலில் வந்திருந்தார்கள் என்பதை முதலில் சொல்ல வேண்டும். டிரில் துணி வாங்கி வந்திருந்தார், இரண்டு பேன்ட்டுக்கு. ஊரில் அதுவரை நான் தைத்த பேன்ட்டெல்லாம் ஸ்டேஷன் மாஸ்டருக்கும் போலீஸ்காரருக்கும்தான். நாயக்கர் பக்கத்தில் நின்று உத்தரவு போட்டார். "கீழ மடிப்பு நல்லா தாராளமா வுடு. புள்ள வளருவான். வளர வளரப் பிரிச்சு வுட்டுக்கலாம். இடுப்புலயும் வுடு."

அவர் டீ குடிக்கக்கூடப் போகாதவர். அன்றைக்குப் பழக்கமான யாரோ கூப்பிட்டார்கள் என்று தெருவில் இறங்கினார். எனக்கு முன்னால் கையை விரித்து நின்ற பையன் மெதுவாகக் கூப்பிட்டான். "அண்ணா." மார்பைச் சுற்றிய நாடாவை நான் இறுக்கவில்லை; அவனே மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தான். "இன்னாடா?" என்றேன். வெளியே நின்று பேசிக்கொண்டிருந்த தகப்பனின் மொட்டைக் கழுத்துச் சட்டையைப் பார்த்துக்கொண்டே சொன்னான்: "எனுக்கு காலேஜ் பயமா இல்லண்ணா. நைனா சட்டையப் பாத்தாத்தான் பயமா கீது. பெயிலாப் பூட்டா அந்தச் சட்டைய நான் எப்பிடிண்ணா பாப்பேன்?"

நான் நாடாவைச் சுருட்டி அளவை எழுதிக்கொண்டேன். பையன் என்னிடம் சொன்னதை யாரிடமும் சொல்லவில்லை.

நம்பர் இல்லாத பேப்பர்

இரண்டு வருஷம் ஓடிற்று. பரீட்சை முடிவு வந்த அன்று மத்தியான ரயிலில் தசரதன் வந்து இறங்கினான். இறங்கியவன் ஊருக்குப் போகவில்லை. நேரே என் கடைக்குள் வந்து மூலையில் உட்கார்ந்தான். பேப்பரில் அவன் நம்பர் இல்லை. அதைச் சொன்னதோடு சரி. என் பொத்தான் டப்பாவைக் கொட்டி வைத்துக்கொண்டு வெள்ளையைத் தனியாக, கறுப்பைத் தனியாகப் பிரித்துக்கொண்டிருந்தான். ரயிலுக்குக் காத்திருந்த காதர் பாய் பெஞ்சில் இருந்தார். 'நான் அப்பவே சொன்னேன்' என்று பாய் சொல்லிவிடுவாரோ என்று எனக்குத் திக்கென்றது. அவர் போய் ஒரு பன்னும் டீயும் வாங்கி வந்து பையன் பக்கத்தில் வைத்துவிட்டு வேறு பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டார். பையன் தொடவில்லை.

வெயில் சாயும் முன்பே நாயக்கர் வந்துவிட்டார். எளாவூர் டீக்கடையில் வாத்தியாரைப் பேப்பர் பார்க்கச் சொல்லிக் கேட்டாராம். பையன் வீட்டுக்கு வராததால், ரயிலை விட்டு இறங்கினால் இங்கேதான் இருப்பான் என்று நடந்து வந்திருக்கிறார். தசரதன் எழுந்து நின்றான். பார்வை தரையில். நாயக்கர் கேட்டது, "துன்னியாடா?" அவன் தலையை ஆட்டினான், இல்லையென்று. "எது போச்சு?" "கெமிஸ்ட்ரி நைனா." "செப்டம்பர்ல மறுக்கா எழுதலாமாமே, வாத்தியார் சொன்னாரு. ஒரு போகம் பொய்ச்சா நெலத்தையா வித்துடறோம்? அடுத்த போகத்துக்கு வெத நெல்லு எடுக்கறதில்ல? அழுவாதடா. போயி ஓட்டல்ல ஒரு சாப்பாடு துன்னுட்டு வா." ஓட்டலில் சாப்பிட்டு வா என்று அவர் வாயால் வந்ததைக் கேட்டுப் பையனைவிட நான்தான் அதிகம் அதிர்ந்துபோனேன்.

பையன் தெருத் திரும்புகிறவரை பார்த்துக்கொண்டிருந்த நாயக்கர், மேல்துண்டை எடுத்து வைத்துவிட்டு என் முன்னால் வந்து நின்றார். "டைலரே, அளவு எடு. பாப்ளின்ல ஒரு சட்ட. காலர் வச்சு." பாய் துள்ளி எழுந்தார். "துணி நான் எடுத்துத் தரேன் நாய்க்கரே!" "எம் புள்ள பெயிலானதுக்கு நீ ஏன்யா துட்டு செலவு பண்றே, குந்து" என்று அவரை அடக்கினார். அத்தனை வருஷப் பழக்கத்தில் அவருடைய பழைய சட்டைகளைத்தான் அளந்திருக்கிறேன். அவர் கழுத்தை அன்றைக்குத்தான் முதன்முதலாக அளந்தேன். ஏன் இன்றைக்கு என்று கேட்பதற்குள் அவரே சொன்னார்: "அவன் பாஸானா புதுச் சட்ட ஒண்ணு தச்சிக்கலாம்னு மனசுல வச்சிருந்தேன்யா. இப்பத் தச்சுப் போட்டுக்கினாத்தான் எனுக்குக் கோவம் இல்லன்னு பய நம்புவான்."

ஒரே நாளில் கொட்டியவர்

செப்டம்பரில் தசரதன் தேறினான். பி.ஏ.வும் சேர்ந்தான். அதற்கு அடுத்த வருஷம் காதர் பாய் ஒரு பெருநாளைக்குத் துணி தைக்கக் கொடுக்க வரவில்லை. விசாரித்தபோது விஷயம் வெளியே வந்தது. அவருடைய இரண்டாவது மகன் யூசுப், யாரும் எதிர்பாராமல், பள்ளிக்கூடத்திலேயே முதலாவதாகத் தேறிவிட்டான். காலேஜுக்குப் போகவேண்டும் என்று ஒரே பிடிவாதம். பாயிடம் கையிருப்பு ஏது? பழவேற்காட்டு ஏரியில் ஓடிக்கொண்டிருந்த படகில் அவருக்கு இருந்த பங்கை விற்றுத்தான் மகனை அனுப்பியிருந்தார்.

ரயில் நேரத்தில் அவர் வந்தபோது நாயக்கரும் இருந்தார். புதுச் சட்டையும் போட்டிருந்தார். இப்போது அவர்தானே கேலி செய்யவேண்டும்? செய்யவில்லை. பாய்தான் பேசினார். "பாத்தியா நாய்க்கரே, நீ சொட்டு சொட்டா ஊத்தனே. நான் ஒரே நாள்ல கொட்டிட்டேன். ஆவ மொத்தம் ரெண்டு பேர் கொடமும் காலி." பாயின் படகை நாயக்கரும் பார்த்தவர்தான். ஒரு தடவை பாய் அவரையும் கன்னியம்மாளையும் அதில் ஏற்றிக்கொண்டுபோய்ப் பறவை காட்டியிருக்கிறார். நாயக்கர் எழுந்து பாயின் தோளில் கையைப் போட்டுச் சொன்னார்: "நீ ஒரு நாளு அழுத பாய். நான் பத்து வருசம் சிரிக்காம இருந்தேன். எது மேலுன்னு யாரு சொல்றது?"

காற்றாடிக்குக் கீழே

தசரதன் படிப்பை முடித்துப் பட்டணத்தில் சர்க்கார் ஆபீஸ் ஒன்றில் குமாஸ்தாவாகச் சேர்ந்தான். மகன் வேலை பார்க்கும் இடத்தைப் பார்த்தே தீருவதென்று நாயக்கரும் கன்னியம்மாளும் புறப்பட்டுப் போனார்கள். கன்னியம்மாள் தைக்கக் கொடுத்திருந்த ரவிக்கையை வாங்கிக்கொள்ள, திரும்பும்போது கும்மிடிப்பூண்டியிலேயே இறங்கி என் கடைக்கு வந்தார்கள். நான் மிஷினை நிறுத்திவிட்டேன். சகுந்தலாவும் உள்ளேயிருந்து வந்துவிட்டாள். எங்கள் ராதா அந்த வருஷம்தான் ஹைஸ்கூலில் சேர்ந்திருந்தாள், காபி இன்னும் வரக்காபிதான். ஆகையால் எங்களுக்கு உண்மை தெரிந்தாக வேண்டியிருந்தது. நேராகவே கேட்டேன். "நாய்க்கரே, மறைக்காம சொல்லுங்க. இத்தினி வருஷம் வாயக் கட்டி வயித்தக் கட்டி இருந்ததுக்குப் பலன் இருக்குதா?"

நாயக்கர் முகம் மலர்ந்துவிட்டது. "மேல காத்தாடி சுத்துதுய்யா! அதும் கீழ நாற்காலி போட்டு எம் புள்ள உக்காந்துகினு எழுதறான். இத்தினி வருசம் நான் வெயில்ல நின்னேனே, அது அத்தினியும் அந்தக் காத்துல கரைஞ்சி பூட்ச்சு." சொல்லும்போதே அவருக்குக் கண் கலங்கிற்று. சகுந்தலா என்னை ஒரு பார்வை பார்த்தாள். கேட்டீரா என்று அர்த்தம்.

கன்னியம்மாள் மட்டும் சிரிக்கவில்லை. புது ரவிக்கையை மடித்துப் பையில் வைத்துக்கொண்டே, யாரையும் குறை சொல்லாத குரலில் சொன்னார்: "எல்லாம் சரிதாண்ணா. ஆனா எழுந்து வந்து எங்களாண்ட ரெண்டு வார்த்த பேசறதுக்கு, அவன் உள்ள போயி யாரையோ கேட்டுக்கினு வந்தான். எங்க ஊட்டு மாடு யாரையும் கேக்காம வரும்."

சேர்த்து வைப்பது லாபமா நஷ்டமா என்று இன்றைக்கும் எனக்குத் தீர்ப்புச் சொல்லத் தெரியாது. ஆனால், சக தகப்பன்மார்களே, பிள்ளைக்கென்று சேர்க்கும்போதே தனக்கும் பெண்டாட்டிக்கும் வருஷத்துக்கு ஒரு புதுத்துணி தைத்துக்கொள்கிறவன் வீட்டில் பிள்ளை பயமில்லாமல் பெயிலாகலாம், தகப்பன் வெட்கமில்லாமல் சிரிக்கலாம், அந்தத் தையற்கூலியில் எதிர்த்தெருத் தையற்காரன் மகளும் எப்படியோ படித்துவிடலாம்.